கைதட்டும் பந்து

“எங்க வம்சத்துல இப்படி யாரும் கிடையாது. அதையும் எழுதிக்கோங்க” என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொம்மை ஆய்வகத்துப் பெண்ணிடம்.

பக்கத்தில் மருமகள் தலைகுனிந்தாள். அப்படியானால் யாருடைய வம்சம் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு வருடமாகச் சொல்லாமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

‘ஆட்டிசத்தின் சாயல் குடும்பத்தில் வேறு யாரிடமாவது உண்டா?’

படிவத்தை வாங்கி, அந்தக் கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று அவரே எழுதினார். மணிமணியான எழுத்து.

அறை நடுவே பேத்தி உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது. முன்னால் ஒரு பந்து. உருட்டினால் நிறம் மாறும். நிறுத்தினால் மெல்ல முனகும். அவளைப் போன்ற குழந்தைகளுக்காகவே அதை வடிவமைத்த அந்தப் பெண், குறிப்பேட்டோடு சுவரோரம் நின்றாள்.

நீலம். பச்சை. மறுபடி நீலம்.

பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பை யாரும் கேட்டதில்லை.

பத்தாவது உருட்டலுக்குப் பரிசு வைத்திருந்தார்கள். பந்துக்குள்ளிருந்து படபடவென்று கைதட்டல் கிளம்பியது.

பேத்தி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தாள்.

“பாராட்டினா எந்தக் குழந்தைக்குப் பிடிக்காதுன்னு நெனச்சுட்டோம் சார்” என்றாள் அந்தப் பெண், முகம் சுண்டிப்போய்.

தலைமையாசிரியர் குனிந்து கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் பிடித்திருந்த தடி எப்படி விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோர் கண்ணும் மேசைக்கடியில்.

அவருக்குப் பாராட்டு ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. அவர் பள்ளியில் முப்பது வருடம் ஒருவரும் கைதட்டியதில்லை; கையைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று உத்தரவு. பணி ஓய்வு விழாவில் மண்டபமே எழுந்து நின்று தட்டியபோது, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு விடுவிடுவென்று வெளியேறினார். புகழுக்கு மயங்காத மனுஷர் என்று குடும்பம் இன்றைக்கும் மார்தட்டிக்கொள்கிறது.

“அந்தக் கைதட்டலை எடுத்துடுங்கம்மா” என்றார்.

எடுத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து மேசைக்கடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு பந்தைத் தள்ளியது.

நீலம்.

அவர் படிவத்தைத் திருப்பிக் கேட்டார். ‘இல்லை’யை ஒரே கோட்டில் அடித்து, ‘உண்டு’ என்று எழுதினார். ‘உறவுமுறை’ என்ற கட்டத்தின் மேல் பேனா சற்று நேரம் நின்றது.

‘தந்தை வழித் தாத்தா.’

முழுக் கையெழுத்தும் போட்டு, மேசையில் வைக்காமல், மருமகளின் கையில் கொடுத்தார்.