பயாஸ் ஏறும் நேரம்

நுனியில் கொக்கி வைத்த நீளக் கம்பைக் கடை வாசலில் சாத்திவிட்டு, முத்துவீரன் சி.பி.யூ. பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். மாங்காய் பறிக்கிற ஆள் போலிருக்கிறது என்று ஹேமாவதி நினைத்துக்கொண்டாள். செக்காலை ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை போட்ட ஆறு வருடத்தில், அவளிடம் வராத தொழில்காரர் இல்லை.

"மக புது பிராசசர் வாங்கிப் போட்டா, தாயி. பேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. இன்னொரு கடையில காட்டினா, மதர்போர்டே போச்சு, மாத்தணும்கிறாக."

ஹேமாவதி பக்கவாட்டு மூடியைக் கழற்றி, போர்டின் மாடல் நம்பரைத் தன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"போர்டு நல்லாத்தாண்ணே இருக்கு. அதுக்குள்ள இருக்க பயாஸ்தான் பழசு. போர்டு கண்ணு முழிச்சதும் எந்தெந்தச் சாமானை அடையாளம் தெரியணும்னு அதுலதான் எழுதியிருக்கும். புது பிராசசர் பேரு அதுல இல்ல. அதான் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கு."

"பேரைச் சேத்துட வேண்டியதுதான?"

"சேக்கிறதுக்கு மொதல்ல போர்டு முழிக்கணும். அதுக்குப் பழைய பிராசசர் வேணும். அதை வித்திருப்பீகளே?"

முத்துவீரன் சட்டைப் பையிலிருந்து ஒரு குங்கும டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பஞ்சு மெத்தையில் பழைய பிராசசர், ஒரு பின்கூட வளையாமல் படுத்திருந்தது. மற்றவர்கள் அதைச் சாவிக்கொத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஹேமாவதிக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

இருந்தும், "இன்னைக்கு முடியாதுண்ணே" என்றாள்.

"இன்னைக்கே வேணும். ரெண்டு மணிக்கு அவளுக்கு டெஸ்ட். அனிமேஷன் கம்பெனி, வீட்டுலருந்தே செஞ்சு அனுப்பணும். பழைய பிராசசர் அந்த சாப்ட்வேரைத் தாங்காது. எட்டு மாசமாக் காத்துக் கெடந்து வந்த வேலை, தாயி."

ஹேமாவதி சுவரில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டைக் காட்டினாள். மாதாந்திரப் பராமரிப்பு. செக்காலைப் பகுதியில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. கடிகாரத்தில் எட்டு ஐம்பது.

"பயாஸ் ஏறுறப்ப கரண்ட் ஒரு நொடி போனாலும் போர்டு செத்துரும். அப்புறம் அந்தக் கடைக்காரக சொன்னதே உண்மையாயிரும். என் யூ.பி.எஸ். பேட்டரி போயி நாலு நாளாச்சு. இன்வெர்ட்டர் இருக்கு, ஆனா அது மாறுற இடைவெளியே போதும், சோலி முடிஞ்சிரும். சரி, உங்க வீட்டுல மட்டும் ரெண்டு மணிக்குக் கரண்ட் இருக்குமா?"

"நாங்க அரியக்குடி. எங்களுக்கு அடுத்த வாரந்தான். இங்கயும் இப்பப் போகாது, நீ ஆரம்பி."

"பேப்பர்லயே போட்டிருக்காகண்ணே."

"பேப்பர்ல மழை வரும்னுந்தான் போடுறாக."

பேரம் கிடையாது என்று பலகை மாட்டிய கடைக்காரர் விலை சொல்வது போல இருந்தது அந்தக் குரல். ஹேமாவதி ஒரு தாளை நீட்டினாள். போர்டு செத்தால் கடை பொறுப்பில்லை என்று எழுதி, முத்துவீரன் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பழைய பிராசசரைப் பொருத்தியதும் ஸ்கிரீன் வெளிச்சமானது. பயாஸை ஒரே தாவலில் புதுசுக்கு ஏற்ற முடியாது, நடுவாந்திரப் பதிப்பு ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்பு. முதல் பதிப்பு பன்னிரண்டு சதவீதத்தில் நிற்கும்போது மணி ஒன்பதைத் தாண்டியது. ஹேமாவதி தலைக்கு மேல் சுற்றும் பேனையே பார்த்தாள். அது பாட்டுக்குச் சுற்றியது.

முத்துவீரனின் போன் அடித்தது. "வாரேன்யா. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் ஏறக் கூடாது. கீழயே உக்காந்து டீயக் குடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மாங்காய் எங்கே போகப் போகிறது என்று ஹேமாவதி நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை பெனோ எட்டிப் பார்த்தான். "என்னக்கா, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தி வச்சிட்டு உக்காந்திருக்கேன், கரண்ட் போகவே மாட்டேங்குது?" வருத்தமாகத்தான் கேட்டான்.

இரண்டாவது பதிப்பு அறுபத்து நான்கைத் தொட்டபோது டியூப் லைட் படக்கென்று அணைந்து எரிந்தது. ஹேமாவதிக்கு உயிர் போய் வந்தது.

"ஸ்டார்ட்டர் போயிருக்கு, மாத்திரு" என்றார் முத்துவீரன், தலையைத் தூக்காமலே.

போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. புது பிராசசரைப் போட்டுப் பட்டனை அழுத்தினாள். ஸ்கிரீனில் அதன் பெயர், எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. முத்துவீரன் அப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அதுவும் அரை நிமிடம்தான். பெட்டியை அரியக்குடி ஆட்டோ ஒன்றில் ஏற்றி, மேடு பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லி அனுப்பிவிட்டு, கம்பை எடுக்கத் திரும்பி வந்தார்.

"கரண்ட் போகாதுன்னு எப்படிண்ணே அம்புட்டு உறுதியாச் சொன்னீக? எங்கயும் குறி கேட்டீகளா?"

முத்துவீரன் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தெருமுனை டிரான்ஸ்பார்மரை ஒரு பார்வை பார்த்தார்.

"அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் ஆப் பண்ணிக்க, தாயி. நான் போயித்தான் லைனை நிறுத்தணும்."