லைன் கொடுத்தாச்சு

"என்னங்க, தைக்கிற நூல் தீர்ந்துபோச்சு. ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வாங்களேன்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து இது மூணாவது ஏவல்.

"ஒரு நல்ல காரியத்தை என்னை உருப்படியா செய்ய விடமாட்டியே!"

நல்ல காரியம்தான். வீட்டில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர், மருந்து கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுக் கொடுக்கும். அதற்கான சாப்ட்வேரை மாப்பிள்ளை நேற்று அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனார். முதல் கணக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் முடியணும். இல்லையென்றால் வேறு யாருக்கோ போய்விடும்.

அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவருக்கும் மனைவிக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இருவருக்கும் மேலே சூப்பர்வைசர் அக்கா. இவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே அவங்கதான். அந்த அக்காவைக் கொண்டுபோன நோய்க்குத்தான் இந்தக் கணக்கு.

கம்ப்யூட்டரோ சண்டித்தனம் செய்தது. அஞ்சு நிமிஷத்துக்கொரு தரம் மவுஸை ஆட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் ஒரே பதில்: 'நிறுத்தம். கம்ப்யூட்டர் பயன்பாட்டில் உள்ளது.'

"யாரோ திருட்டுத்தனமா உள்ளே புகுந்திருக்கான்டி!"

பாஸ்வேர்டை மாற்றினார். அணைத்துப் போட்டார். மாப்பிள்ளை எழுதி வைத்திருந்த கட்டளையைக் கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாகத் தட்டினார். அதே பதில்.

"திருடனை அப்புறம் பிடிக்கலாம். முதல்ல நூல்!"

நூல் வந்தால் பொத்தான். பொத்தான் வந்தால் மொட்டைமாடித் துணி. துணியும் வந்தபிறகு, "தெருக்கோடி வரைக்கும் காலாற நடப்போமா? ஷிப்ட் முடிஞ்சு நடப்போமே, அந்த மாதிரி" என்றாள்.

அதற்கு மட்டும் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

நடக்க நடக்கப் பழசெல்லாம் வந்தது. "லைன் கொடுத்த பிறகும் ஒட்டுக்கேட்கிறேன்னு அக்கா என்னை என்ன திட்டு திட்டுவாங்க!"

"நீங்க காதை வெச்சா பேசுறவங்களுக்குக் குரல் கம்மிப்போகும். திட்டாம கொஞ்சுவாங்களா?"

சிரித்துக்கொண்டே திரும்பியபோது மணி நாலே முக்கால். திரையைப் பார்த்தார். 'முதல் கணக்கு முடிந்தது. அனுப்பியாகிவிட்டது.'

துள்ளிக் குதித்துப் போன் போட்டார். "மாப்பிள்ளை, திருடனை விரட்டிட்டேன்!"

"திருடனா? மாமா, நீங்க மவுஸைத் தொட்டாலே அது நின்னுடும். யாரும் கிட்ட இல்லாதப்போதான் ஓடும். நேத்தே அத்தைகிட்ட சொல்லிட்டு வந்தேனே!"

மெல்லத் திரும்பினார். அவள் புது நூலை இழுப்பறையில் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிரிக்காத நூல்கண்டு ஏற்கெனவே ஆறு கிடந்தது.

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, தொடாம இருந்தா நிஜமாவே ஓடுதான்னு தொட்டுப் பார்த்திருப்பீங்க."