பெயரில்லாத ரெஃபரி

"சேஷகிரிதாண்டா! அந்தக் கிழவனைத் தவிர வேற எவன் இப்படி எழுதுவான்?"

பெங்களூர் ஈஜிபுராவின் தர்ஷினி ஓட்டலில் பார்கவி போட்ட சத்தத்துக்குக் கல்லாவில் இருந்தவர், "நிதானா, மேடம்" என்று கன்னடத்தில் அடக்கினார். அசோகன் ஒன் பை டூ காபியில் அவள் பங்கை அவள் பக்கம் நகர்த்தினான். எம்.எஸ்ஸி. காலத்து நண்பன், வேறு நிறுவனத்தில், அதே துறையில் ஆராய்ச்சி.

கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டில் பெரிய காந்தப்புலம் எங்கிருந்து வருகிறது? தட்டுக்குள் நடக்கும் கொந்தளிப்பே அதை உண்டாக்கும் என்று நான்கு வருடம் கணினியை ஓட்டி எழுதியிருந்தாள் பார்கவி. வெளியிலிருந்துதான் வரும் என்பது பேராசிரியர் சேஷகிரியின் முப்பது வருடக் கட்சி. நேற்று ஆராய்ச்சி இதழ் அவள் கட்டுரையை நிராகரித்துவிட்டது. கட்டுரையை மதிப்பிட்டு நிராகரிக்கச் சொன்ன ரெஃபரி யாரென்று இதழ் சொல்லாது; அவர் அறிக்கையை மட்டும் அனுப்பும்.

"பேரே போடலையே, எப்படிச் சொல்ற?"

"ரிப்போர்ட்ல கடைசிப் பாராவைப் படி. ஆறு கட்டுரையை நான் மேற்கோள் காட்டலையாம். ஆறும் சேஷகிரி எழுதினது! தன்னைத் தானே சிபாரிசு பண்ணிக்க வேற யாரு வருவா?"

நியாயம்தான். இந்தத் துறையில் ரெஃபரியை எல்லோரும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

"எடிட்டருக்கு கம்ப்ளைன்ட் எழுதப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு இன்டர்வியூ போர்டுல அந்த ஆளே வந்து உக்காருவாரு. பெரிய மனுஷங்களைப் பகைச்சுக்காத. விட்டுடு, பார்கவி."

"எந்த இன்டர்வியூ? அப்ளை பண்ண வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. இந்த பேப்பர் இல்லாம என் அப்ளிகேஷனை எடுத்துக்கவே மாட்டாங்க. ஊருக்கே இருக்கிறது அந்த ஒரு புரொஃபசர் வேலை. ஃபெலோஷிப்பும் இந்த மாசத்தோட சரி. ஜீவனஹள்ளி வீட்டு மாடியில டியூஷன் போர்டு மாட்ட வேண்டியதுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயும் அப்ளை பண்ணியிருக்கல்ல? நீயாவது உள்ள போடா. ஒரு நல்லவன் போன மாதிரி இருக்கட்டும்."

"சே, அப்படியெல்லாம் பேசாத" என்றான் அசோகன். குரல் நிஜமாகவே கம்மியது.

அவள் ஆட்டோ ஏறிப் போனாள். அசோகன் நின்றபடியே மிச்சக் காபியை முடித்தான். சேஷகிரி எழுதியதில் ஒரு வரிகூட அவன் போன மாதம்வரை படித்ததில்லை. அந்த ஆறையும் தேடிப் பொறுக்கி ரெஃபரி அறிக்கையின் கடைசிப் பாராவில் சேர்ப்பதற்குள் அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.