சீர் கம்ப்யூட்டர்

பித்தளை அண்டா வாங்க வந்தவரைப் போல சடையப்பன் கேபினெட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"தகரமா இருக்குதே தம்பி. வெயிட்டா ஒண்ணு காட்டுங்க."

கடலூரில் அந்த மாடிக் கடைக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சிலம்பரசன். அவனுடைய தாய்மாமன் சடையப்பன். கல்யாணப் பெண் இலக்கியா. அவளுடைய அப்பா ராமாமிர்தம்.

ஆவணியில் கல்யாணம். பீரோ, கட்டில், பைக் எல்லாம் பேசி முடித்தாயிற்று. சீரில் பாக்கி இருந்தது கம்ப்யூட்டர் மட்டும்.

கம்பெனி கம்ப்யூட்டர் என்றால் ஒரே அட்டைப்பெட்டியில் காரியம் முடிந்துவிடும். அசெம்பிள் செய்தால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கேட்கலாம். மாப்பிள்ளை வீட்டார் அசெம்பிள்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

"எல்லாம் ஆபீஸ் வேலைக்குத்தான் சம்பந்தி," என்றார் சடையப்பன். "காலைல எட்டு மணிக்கு பாண்டிச்சேரிலேருந்து கம்பெனி வேன் தெரு முனைக்கே வந்துரும். ராத்திரி எட்டுக்குக் கொண்டாந்து வுடும். வாரத்துல ஆறு நாளு. அமெரிக்காவுல பேங்க்கே கவுந்துச்சி. இவுரு கம்பெனி மேல ஒரு தூசி படல."

வேன் தன்னுடையது போலச் சொன்னார்.

"ஆபீஸ் வேலைக்கு கிராபிக்ஸ் கார்டு எதுக்கு சார்?" என்று கேட்டார் கடைக்காரர் நடராஜ்.

"நடுவுல கொஞ்சம் கேம் ஆடலாமில்ல," என்று சிலம்பரசன் கூச்சத்தோடு சிரித்தான்.

சடையப்பனுக்கு நீல விளக்கு எரிகிற கேபினெட் பிடித்துப்போயிற்று. மண்டபத்தில் சீர்வரிசையோடு வைத்தால் எடுப்பாக இருக்கும். முடிந்தால் அங்கேயே பிளக் சொருகி எரியவிடலாம்.

"உள்ள இருக்கறத எவன் தொறந்து பாக்கப் போறான்?"

மருமகன் ஒப்பவில்லை. விளக்கை ஒதுக்கிவிட்டுச் சாதாரண கேபினெட்டை எடுத்தான். அதில் மிஞ்சியதை நல்ல பவர் சப்ளையில் போட்டான். மானிட்டரில் ஓர் அளவு இறங்கி கிராபிக்ஸ் கார்டில் ஓர் அளவு ஏறினான். ராம் இரண்டு ஜிபி போதும், இன்னொன்று சொருக இடம் இருக்கிற மதர்போர்டாகக் கொடுங்கள் என்றான்.

"அத பின்னாடி நாங்களே போட்டுக்குவோம். எல்லாம் மாமா தலைலயா கட்டறது?" என்று ராமாமிர்தத்தைப் பார்த்தான்.

அந்த 'நாங்களே' இலக்கியாவுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு நிதானமாகப் பார்த்து எடுக்கிறவன் தன்னையும் அப்படித்தான் பார்த்து எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

ராமாமிர்தத்துக்கும் அவர்கள் மேல் மரியாதைதான். தை மாதம் நிச்சயத்தின்போது, பெண் வேலைக்குப் போகக் கூடாது என்றுதான் முதல் நிபந்தனை போட்டார்கள். சிதம்பரத்தில் அவள் வேலை பார்க்கிற பாலிடெக்னிக்கில் வேலையை விடுவதாகச் சொல்லியும் ஆயிற்று. ஆனி மாதம் சடையப்பனே கிளம்பி வந்தார். படித்த பெண், தாராளமாகப் போகட்டும், சம்பளமும் அவளே வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அந்தப் பெருந்தன்மையை ராமாமிர்தம் நாலு வீதியிலும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

"நாங்க பழைய பஞ்சாங்கம் இல்ல சம்பந்தி," என்று சடையப்பன் இப்போதும் ஒரு முறை நினைவுபடுத்தினார். "இங்கேருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸா இல்ல?"

"கடைசியா யூபிஎஸ்," என்றார் நடராஜ். "சாதாரணமானது கால் மணி நேரம் தாங்கும். கரன்ட் போனா சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்ணிக்கலாம். ஆபீஸ் வேலைக்கு அது போதும்."

சிலம்பரசன் கிராபிக்ஸ் கார்டின் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே பதில் சொன்னான்.

"பத்தாதுங்க. எங்க முதுநகர்ல தெனம் பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் கரன்ட் கட்டு. அந்த ரெண்டு மணி நேரந்தான் பொழுதே போவ மாட்டேங்குது."

"ராத்திரியிலயா சார்?"

"காலைலங்க," என்றவன் அப்புறம்தான் நிமிர்ந்தான்.

"லீவு நாள்ல சொல்றாரு," என்று சடையப்பன் குறுக்கே விழுந்தார்.

தினம் என்றுதான் அவன் சொல்லியிருந்தான்.

வேன் எதுவும் இப்போது வருவதில்லை என்று இலக்கியாவுக்குப் புரிந்தது. ஆனி மாதத்துப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்தது.

சிலம்பரசன் பெட்டியைக் கீழே வைத்தான். எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல மறுபடி எடுத்துக்கொண்டான்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கல்யாணப் பத்திரிகைப் பை. பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டதால் அது தொய்ந்து கிடந்தது.

"அப்பா," என்றாள்.

ராமாமிர்தம் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மணி நேரமெல்லாம் வேணாம் தம்பி. மாப்பிள்ளைக்கு நாலு மணி நேரம் தாங்கறதாவே போட்டுடுங்க."

"அப்படின்னா இன்வெர்ட்டர் பேட்டரிதான் சார் வைக்கணும். மாசா மாசம் தண்ணி ஊத்தணும், இல்லன்னா செத்துடும். வீட்ல யாரு பாத்துக்குவாங்க?"

"எம் பொண்ணு பாத்துக்குவா," என்றார்.