ஒரே நம்பர்

பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து உருண்டை பிடித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள் ஆயாம்மா. ஊசி போட்டதும் குழந்தைகளுக்கு ஒற்றி எடுக்க. ஆஸ்பத்திரி நடையில் அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்; கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நடந்த களேபரம் எதுவும் அவள் காதில் விழவில்லை.

உள்ளே கம்ப்யூட்டர் தம்பி தலையில் கை வைத்திருந்தான். ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகளைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்ற வந்தவன். காலையிலிருந்து அது ஒரே பாட்டைப் பாடியது: 'இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது.'

"ஒரு குடும்பத்துக்கு ஒரு போன் நம்பர். அதுதான் சார் பிரைமரி கீ, அடையாளம். ரெண்டு குடும்பத்துக்கு ஒரே நம்பர் வந்தா உள்ளே விடாது," என்றான் மேனேஜரிடம். "இங்கே ஒரே நம்பர்ல ஒரு தெருவே இருக்கு."

மேனேஜர் கவுன்ட்டர் பெண்ணைக் கூப்பிட்டார். கூட்டம் காட்டுவதற்காக இல்லாத குடும்பங்களை எழுதி வைத்தாயா என்று கேட்டார்.

"அவங்க சொன்ன நம்பரைத்தான் சார் அடிச்சேன். தெருவுக்குப் பொதுவா ஒரு போன் இருக்கும்னு நெனச்சேன்."

"யார் காதுல பூ சுத்தறே?"

முதல் பதிவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழிக்கச் சொன்னார். நாளையிலிருந்து கவுன்ட்டருக்கு வேறு ஆள் என்றும் சொன்னார். அந்தப் பெண் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பிக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனாலும் அழிக்கப் போன விரல் நின்றது. ஊசித் தேதி வந்தால் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அந்த நம்பருக்குத்தான் போன் போகும். இதில் ஒன்றாவது நிஜக் குழந்தையாக இருந்து தொலைத்தால்? எதற்கும் பார்ப்போம் என்று தன் போனில் அந்த நம்பரை அடித்தான்.

கதவுக்கு வெளியே பஞ்சுக் குவியலுக்கு அடியில் மணி அடித்தது.

ஆயாம்மா திரையைக்கூடப் பார்க்காமல் போனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா, ஊசி ஆபீஸ்தானே? இன்னிக்கு எந்த வீட்டுப் பாப்பாவுக்கு? வேலை முடிஞ்சு போறப்போ சொல்லிட்டுப் போயிடறேன்."

தம்பி போனை வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே இருந்த ஆயாம்மாவை மேனேஜருக்குக் காட்டினான்.

பிறகு போன் நம்பரை அடையாளத்திலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஓர் எண் கொடுத்தான். ஒன்றுகூட அழியாமல் எல்லாரும் உள்ளே போனார்கள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கும் நீதாம்மா கவுன்ட்டர். நேரத்துக்கு வந்துடு," என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து ஆயாம்மாவிடம் நம்பரைப் பற்றிக் கேட்டார்.

அவள் பதறி எழுந்தாள். "தப்பா இருந்தா திட்டிடாதீங்க சார். வீட்ல போன் இல்லைன்னா பதிய மாட்டாங்களோன்னு பயந்து, ஊசி போடாமலே திரும்பிப் போயிடறாங்க. அதான் நான் வாசல்லயே நிறுத்தி என் நம்பரை..."

"அக்கா," என்று வாசலில் ஒரு குரல். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி தயங்கி நின்றாள். "எங்ககிட்ட போன் இல்லைக்கா..."

"இதோ வரேன்மா. சார், இருங்க, இவங்களுக்கு மட்டும் நம்பரைச் சொல்லிட்டு வந்துடறேன்."