கணக்கு தப்பாத டம்ளர்

அரிசி வாளிக்குள் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. ஆளுக்கு அரை டம்ளர் அரிசி என்பது அந்த வீட்டுக் கணக்கு.

"பத்து வருசமா அளக்கறேன். ஒரு பருக்கை மிஞ்சியிருக்கா, சொல்லு?" என்று அது சோற்றுப் பானையிடம் பீற்றிக்கொண்டது.

"எப்படிடா மிஞ்சும்?" என்றது பானை. "மருமக மேகலா வந்து மூணு மாசமாச்சு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு என் அடியைச் சுரண்டி, தீய்ஞ்சதை மோர்ல கரைச்சுக் குடிக்கிறா. உன் கணக்குல அவ எங்கே?"

"எனக்கு யாரும் சொல்லலையே..."

"சுரண்டற சத்தம்கூடவா கேக்கல?"

டம்ளருக்குக் கேட்டிருந்தது. பானை தேய்க்கிற சத்தம் என்று இருந்துவிட்டது.

மறுநாள் மாமியாருக்குப் பதில் மேகலாவே அளக்க வந்தாள். விரல்களை மடக்கினாள்.

"மாமா, அத்தை, அவரு, கொழுந்தன். நாலு பேரு."

இரண்டு முறை முகந்து பானையில் கொட்டினாள். மூன்றாவது முறையும் தன்னை அரிசியில் அமிழ்த்துவாள், பாதியாவது முகப்பாள் என்று டம்ளர் காத்திருந்தது.

அவள் அதை வாளிக்குள் போட்டு மூடிவிட்டாள்.

டம்ளர் அரிசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பானையும் அன்று அதைக் கேலி செய்யவில்லை.