படம் போட்ட துண்டுகள்

அவள் தோளிலிருந்து ஒரு துண்டை யாரோ உருவினார்கள்.

விலை கேட்கவில்லை. படமும் பார்க்கவில்லை.

அலையிலிருந்து தூக்கி வந்து மணலில் கிடத்தியிருந்த பையன்மேல் அதை விரித்தார்கள். தாஜ்மகால் அவன் மார்பை மறைத்தது.

படகுக்காரர்கள் இரண்டு பேர் அவன் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, அப்போதுதான் கையை எடுத்திருந்தார்கள். ஒருவன் திரும்பி நின்றுகொண்டான்.

ஆம்புலன்ஸ் வருகிறது என்றார் போலீஸ்காரர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மாமல்லபுரம் கடற்கரையில் குளியல் துண்டு விற்பவள் தேசம்மாள். சார்மினார், மைசூர் அரண்மனை, எதிரே நிற்கும் கடற்கரைக் கோயில் எல்லாம் அவள் தோளில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் கோயில் போட்ட துண்டை வாங்கிப் போவார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பையனின் அப்பா வந்தார்.

போலீஸ்காரர் பெயர் கேட்டார். சென்னியப்பன் என்றார். பையன் தரணி. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து சொந்தக்காரர்களோடு வேனில் வந்திருந்தார்கள். மற்றவர்கள் ஐந்து ரதம் பார்க்கப் போனார்கள், அம்மாவும். இவர்கள் இருவர் மட்டும் கடலுக்கு வந்தார்கள். அவர் டீ வாங்கப் போனார்.

அதற்குமேல் போலீஸ்காரர் கேட்கவில்லை.

சென்னியப்பன் மணலில் உட்கார்ந்தார். மகன் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். மார்பில் கிடந்த துண்டை எடுத்தார்.

தலை துவட்டத் தொடங்கினார்.

துண்டில் ஈரம் ஏறவில்லை.

படம் அச்சடித்த பக்கம் தண்ணீரை இழுக்காது. வழுக்கிக்கொண்டு போகும். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து தேசம்மாளிடம் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். முடியிலிருந்து தண்ணீர் கழுத்துக்கு வழிந்தது.

தேசம்மாள் குனிந்தாள். அவர் கையிலிருந்த துண்டை வாங்கிப் புரட்டிக் கொடுத்தாள்.

வெள்ளைப் பக்கம்.

"அவங்கம்மா வர்றதுக்குள்ள தொவட்டிரோணுங்க அம்மிணி," என்றார். "தலையில ஈரம் நின்னா இவனுக்கு ஆகாது."

அவரை யாராவது தூக்குங்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

யாரும் தூக்கவில்லை.

தாஜ்மகால் நனைந்துவிட்டது. சார்மினாரைக் கொடுத்தாள். காதுக்குப் பின்னால் துடைத்தார். காதுக்குள் துணி முனையைத் திருகி விட்டு மணலை எடுத்தார். மீசை அரும்பிய பையனுக்குத் துவட்டிப் பழகிய கை இல்லை அது. நடுநடுவே நின்று யோசித்தது.

சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பையிலேயே போட்டுக்கொண்டார். அது ஓயும்வரை கையை நிறுத்தவில்லை.

மைசூர் அரண்மனையும் நனைந்தது.

  

கடல்காற்று பலமாக வீசியது. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கும் கேட்கவில்லை.

அவர் கை நின்றது.

"காஞ்சிருச்சுங்களா?"

தேசம்மாள் பையன் தலையில் கை வைத்தாள். முடி அவள் விரல்களுக்கிடையே பிரிந்து பறந்தது. பொட்டு ஈரமில்லை.

நிமிர்ந்தாள்.

சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய, நிதானமாக. நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்தாள். அலையில் நின்று விளையாடுகிறவர்களுக்கு நடுவே யாரையோ தேடினாள்.

சென்னியப்பன் இன்னும் தேசம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஈரம் இருக்குதுண்ணா," என்றாள்.

அடுத்த துண்டை உதறி விரித்தாள்.